கேளுங்க அக்கா: அவள கண்டா எரியுது, ஆனா பாக்காம இருக்க முடியல

இந்த முறை நம்ம இலங்கை மலையகத்து தேயிலை தோட்ட பக்கம் இருந்து வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி இன்னொரு பொம்பளைய பத்தினதுதான். அதுவும் சத்தமா சிரிக்கிற, கேட்டா நேரா பதில் சொல்ற, செஞ்சதுக்கு யார்கிட்டயும் சாரி கேட்டுட்டு நிக்காத பொம்பளைய பத்தி. சரி இந்த வாரம் முழுக்க அதையே பேசிருவோம்னு முடி கொட்டுறது, மருமகள் லேட்டா எந்திரிக்கிறது எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன். கோவிச்சுக்காதீங்க.

அக்கா, எனக்கு 34 வயசு, கொட்டகலை பக்கம், முன்பள்ளி டீச்சரா இருக்கேன். எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேல ரோட்டோரமா வீடு கட்டியிருக்கிறவ என்கூட ஓ/எல் வரைக்கும் ஒரே வகுப்பு. குவைத்துக்கு போயிட்டு வந்து டவுன்ல சலூன் போட்டிருக்கா, புருஷன் கூட இல்ல, ஸ்கூட்டில வாறா போறா. கோயில் திருவிழாவுக்கு ஜீன்ஸ்ல வந்தா, ஒரு பெரியம்மா என்னடி இதுன்னு கேட்டதுக்கு "குளிருது பெரியம்மா"ன்னு சொல்லி சிரிச்சிட்டு போயிட்டா, அவ்வளவுதான். எனக்கு அவள கண்டாலே எரியுது. ஆனா ஸ்கூட்டி சத்தம் கேட்டா ஜன்னலுக்கு போகாம இருக்கவும் முடியல. நான் கெட்டவளா?

தங்கச்சி, கெட்டவங்க ஜன்னலுக்கு போனத எனக்கு எழுத மாட்டாங்க.

டிவில வாற நடிகை மேல உங்களுக்கு எரியுதா? எரியாது. அவ கோடி கோடியா சம்பாதிச்சாலும், 3 கல்யாணம் கட்டினாலும், ரசிச்சு பாத்துட்டு ரொட்டி சுட போயிருவீங்க. 1954ல ஃபெஸ்டிங்கர்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆள் இத எழுதி வெச்சாரு, மனுஷன் தன்ன எடை போட்டு பாக்குறது ரொம்ப தூரத்துல இருக்கவங்களோட இல்ல, ஏறத்தாழ தன்ன மாதிரியே இருக்கவங்களோடதான்னு. அவ உங்ககூட ஒரே பைப்படில தண்ணி புடிச்சவ, ஒரே பெஞ்சுல இருந்தவ, அவளுக்கும் கணக்கு வராது உங்களுக்கும் வராது. அதனாலதான் எரியுது. நெருப்பு தூரத்துல இருந்தா சுடாது பாருங்க.

இப்ப எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்க, எரியுறது எது மேல? ஜீன்ஸ் மேலயா, ஸ்கூட்டி மேலயா? உங்க கடிதத்த மறுபடி வாசிச்சேன், அதுல நீங்க வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வெச்சிருக்கிறது ஒன்னே ஒன்னுதான், "குளிருது பெரியம்மா". நீங்களா இருந்தா அந்த இடத்துல என்ன சொல்லியிருப்பீங்க? "இல்ல பெரியம்மா, சீலை எல்லாம் நனைஞ்சு போச்சு, மழை விடவே இல்ல, அவரும் பரவால்ல போட்டுக்கன்னு சொன்னாரு, நான் வழமையா இப்டி எல்லாம்..." சரியா? பெரியம்மா பாதியில போயிருப்பாங்க, நீங்க இன்னும் சொல்லிட்டே நின்னுருப்பீங்க. அவ 2 சொல்லுல முடிச்சிட்டா. உங்க தொண்டைல நிக்கிறது அந்த 2 சொல்லுதான்னு நான் நெனைக்கிறேன்.

ஆனா இங்க ஒன்ன மறக்க கூடாது, இத சொல்லாம "தைரியமா இருங்க"ன்னு மட்டும் எழுதி விடுறவங்கள எனக்கு புடிக்காது. அவளுக்கு அந்த பதில் மலிவு, உங்களுக்கு விலை ஜாஸ்தி. அவ சலூன் வாடகைய அவ கட்டுறா, வீடு ரோட்டோரத்துல தனியா நிக்குது, அவ பேர் கெட்டு போக வேண்டியது எல்லாம் குவைத்துக்கு போன அன்னிக்கே கெட்டு போய் முடிஞ்சிருச்சு. வெளிநாடு போய் வந்த பொம்பளைய பத்தி லயத்துல என்ன கதைப்பாங்கன்னு உங்களுக்கு தெரியாததா. நீங்க முன்பள்ளி நடத்துறீங்க, அதே லயத்து தாய்மார் புள்ளைய கொண்டாந்து விட்டாதான் உங்களுக்கு அந்த சொச்ச சம்பளம். லயத்துல ஒரு வீடுன்னா ஒரு காம்பரா, காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவுல ஒரு சுவருதான், இந்த பக்கம் இருமினா அந்த பக்கம் தேத்தண்ணி ஊத்தவான்னு கேப்பாங்க, அதுல ஒரு பொம்பளையோட பேர் அவளுக்கு மட்டும் சொந்தம் இல்ல, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கும்போது அதையும் சேத்துதான் விசாரிப்பாங்க. அதனால அவ மாதிரி உங்களுக்கு வரலைன்னா உடனே நான் கோழைன்னு எழுதிராதீங்க.

செய்யக்கூடிய ஒன்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமை டவுனுக்கு போகணும்னா மாமி ஏன்னு கேட்டா "வேலை இருக்கு மாமி, மத்தியானம் வந்துருவேன்"ன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டுங்க. காரணம் சொல்லாதீங்க. பொய் காரணமும் சொல்லாதீங்க, அதுதான் கஷ்டம். போய் அந்த சலூன்லயே புருவம் எடுங்க, பாடசாலை கதை எதாவது கதைங்க. அவ ஒருவேளை திமிர் புடிச்சவளாவே இருக்கலாம், உங்கள ஞாபகமே இல்லாத மாதிரி இருக்கலாம். இருந்துட்டு போகட்டுமே. அவ நல்லவளா இருந்தாதான் அவகிட்ட இருக்கிறது உங்களுக்கு வேணும்னு இல்லையே.

பொம்பளைக்கு பொம்பளைதான் எதிரின்றது சரிதானே? ஆம்பளைங்க எங்களுக்குள்ள இந்த பொறாமை எல்லாம் கிடையாது. — ஹட்டனில் இருந்து ஒரு வாசகர்

தம்பி, மலையகத்துல தொழிற்சங்கம் எத்தனை, அது எத்தனை தடவ உடைஞ்சதுன்னு எண்ணி பாத்துட்டு வாங்க. உடைச்சது எல்லாம் பொம்பளைங்களா? உங்களுக்கு வந்தா அதுக்கு கொள்கை முரண்பாடுன்னு பேர், எங்களுக்கு வந்தா பொறாமை. இன்னொன்னு, லயத்துல ஒருத்தி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தான்னு பக்கத்து காம்பரா அக்கா எண்ணுறாங்கன்னு வைங்க, அந்த கணக்கு கடைசியில போய் சேருறது யார் காதுக்கு? ஒரு அண்ணன், ஒரு புருஷன், ஒரு தலைவர். எண்ணுற வேலை எங்களுக்கு, தீர்ப்பு சொல்ற வேலை உங்களுக்கு. நல்லா பிரிச்சு வெச்சிருக்கோம்.

அக்கா நான் நுவரெலியால ஒரு கம்பனில கணக்கு பாக்குறேன், 41 வயசு. என் நாத்தனார் 2025 மே மாச பிரதேச சபை தேர்தல்ல நின்னு தோத்துட்டா. அவ மைக்க புடிச்சா எனக்கு புல்லரிக்கும், எங்க குடும்பத்துல இப்டி ஒருத்தி இருக்கான்னு அவ்வளவு பெருமை. எனக்கு அவமேல கொஞ்சம் கூட பொறாமை கிடையாது. ஆனா போன மாசம் அவ சொல்றா, "அண்ணி நீங்க என்ன சாமி மாதிரி பாக்குறீங்க, ஒரு நாளாவது கூட வந்து நோட்டீஸ் குடுத்தீங்களா"ன்னு. மனசு வலிச்சிருச்சு. பாராட்டுறது தப்பா?

முதல் கடிதம் எழுதின தங்கச்சிய விட எனக்கு உங்கள பத்திதான் கவலை. சிரிக்காதீங்க, உண்மைதான்.

நெதர்லாந்துல டில்பர்க் யுனிவர்சிட்டி ஆளுங்க, வான் ட வென்னு ஒருத்தரும் அவர்கூட இருந்தவங்களும், 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மாணவர்கள வெச்சு பாத்தது. தன்ன விட கெட்டிக்கார ஒருத்தர பாத்து பாராட்டினவங்க கூடுதலா எதுவும் முயற்சி பண்ணல, அவங்க கீழ விழணும்னு நெனைச்சவங்களும் பண்ணல. "சே, எனக்கும் இது வேணுமே"ன்னு உள்ளுக்குள்ள குத்தின ஆளுங்கதான் கூடுதலா படிக்கணும்னு நெனைச்சாங்க, குடுத்த வேலையையும் நல்லா செஞ்சாங்க. இதுல எனக்கு பெருசா பட்டது வேற. நம்மளாலயும் முடியும்னு தோணும்போது அந்த குத்தல் வருதாம், நம்மளால ஏலாதுன்னு தோணும்போது பாராட்டு வருதாம். அதாவது பாராட்டுல பாதி, கை கழுவுறதுதான்.

நம்ம ஊர்லயே பாருங்க. 2024 நவம்பர் பாராளுமன்ற தேர்தல்ல நுவரெலியால கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளைல அம்பிகா சாமுவேலும் ஜெயிச்சாங்க, மலையக தமிழ் பொம்பளைங்க மக்கள் ஓட்டுல பாராளுமன்றம் போனது அதுதான் முதல் தடவ. அன்னிக்கு யாரோட ஸ்டேட்டஸ்ல அந்த படம் இல்ல சொல்லுங்க. எங்க சிங்கப்பெண்கள், அது இதுன்னு. நானும் போட்டேன். அதே ஆளுங்க அதே கையால, சொந்த வட்டாரத்துல நின்ன பொண்ண பத்தி "ராத்திரி 9 மணிக்கு யார் வேன்ல வந்து இறங்கினா"ன்னு டைப் பண்ணாங்க. கட்சிகளும் லேசுப்பட்டது இல்ல. உள்ளூராட்சில பொம்பளைங்களுக்கு 25 வீதம்னு சட்டம் வந்து 2018 தேர்தல்ல தான் முதல் தடவ நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கப்புறமும் ஆள் வேணுமேன்னு கடைசி நேரத்துல யாரோட மனைவி, யாரோட தங்கச்சின்னு பேர் எழுதி நிரப்பின கதை எல்லாம் நம்ம காதுல விழாததா. உங்க நாத்தனார் அப்டி நிரப்பின பேர் இல்ல, அவ நடந்திருக்கா, கதவு தட்டியிருக்கா, தோத்தும் இருக்கா.

அவ ஒரு மாசம் லயம் லயமா ஏறி இறங்கினப்ப நீங்க "அவ வேற மாதிரி, அவளுக்கு அது வரும்"ன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பீங்க? பெருமையாத்தான் சொன்னீங்க, எனக்கு தெரியும். ஆனா அந்த "வேற மாதிரி"ன்ற சொல்ல கேட்டா எனக்கு பயம். லயத்துல அவள திட்டுறவங்களும் அதே சொல்லத்தான் சொல்றாங்க, "அவ வேற மாதிரி பொம்பள"ன்னு. ரெண்டு பக்கமும் சேந்து அவள தனியா கொண்டு போய் நிறுத்திட்டு, ஒரு பக்கம் பூ போடுது, ஒரு பக்கம் கல்லு. நடுவுல நிக்கிறவளுக்கு நோட்டீஸ் கட்ட பாதி வாங்கிக்க ஒரு கை இல்ல. அவ கேட்டது அதுதானே, கைதட்டல் இல்ல.

உங்களுக்கு மைக் புடிக்க வராது சரி. கணக்கு வரும்தானே? தேர்தல்ல நிக்கிறதுக்கு எவ்வளவு சல்லி போச்சு, எங்க போச்சுன்னு ஒரு கொப்பில எழுதி தர அவளுக்கு ஆள் இருந்துச்சா? அடுத்த முறை அத எடுங்க. எடுத்து செய்யும்போது உங்களுக்கு அவமேல முதல் தடவையா எரிச்சல் வரும், "என்ன இவ பெரிய இவ மாதிரி"ன்னு. வந்தா எனக்கு எழுதுங்க, சந்தோஷப்படுவேன்.

நான் பண்டாரவளைல ஏ/எல் படிக்கிறேன். டியூஷன்ல யாராவது நோட்ஸ் கேட்டா எனக்கு தேவைன்னா தர மாட்டேன்னு நேரா சொல்லிருவேன், சாரி சொல்ல மாட்டேன். எல்லாரும் தலக்கனம்ன்றாங்க. நான் கான்ஃபிடன்ட்டா இருக்கிறது அவங்களுக்கு பொறாமையா?

இல்லடா, நோட்ஸ் இல்லைன்னு கோவம். தர மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, அத நேரா சொல்றது நல்லதுதான், ஆனா அடுத்தவங்களுக்கு வாற எரிச்சல் எல்லாம் பொறாமைன்னு எழுதி வெச்சுட்டா அப்புறம் நம்ம குறைய யாருமே சொல்ல ஏலாம போயிரும். "இன்னிக்கு எனக்கு வேணும், நாளைக்கு ஃபோட்டோ எடுத்துக்கோ"ன்னு சொன்னா தைரியம் ஒன்னும் குறைஞ்சு போகாது. எக்ஸாமுக்கு படிங்க.

புள்ள, எனக்கு எழுத வராது, பேத்தி எழுதுறா. தலவாக்கலை பக்கம் தோட்டம், 66 வயசு, சர்வீஸ் முடிச்சு ஈபிஎஃப் எடுத்துட்டேன். என்கூட பக்கத்து நெரைல கொழுந்து எடுத்தவ ஒருத்தி. ஒரு நாள் மடுவத்துல நிறுவைக்கு நிக்கிறோம், சாக்குக்கு இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவுன்னு வழமை போல கழிக்கிறாங்க, இவ தராச கையால புடிச்சுட்டு "இது எத்தனை கிலோ, சத்தமா சொல்லுங்க"ன்னுட்டா. நாங்க எல்லாம் தலைய குனிஞ்சு நின்னோம். அவளுக்கு அன்னிக்கு அரைப்பேருதான், அரை நாள் சம்பளம். ஆனா அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு யாருக்கும் கண்டபடி கழிக்கல. அவ போன வருஷம் செத்துட்டா. சாவு வீட்ல சங்கத்து தலைவர்மார் அந்த கதைய சொல்லி பெருமையா பேசினாங்க, எனக்கு அங்கயும் எரிஞ்சிச்சு புள்ள. செத்தவ மேலயுமா பொறாம வரும்? எனக்கு என்ன கேடு?

அம்மா, உங்களுக்கு ஒரு கேடும் இல்ல. அந்த கடிதத்த வாசிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் வேற வேலையே செய்யல.

நான் நெனைக்கிறத சொல்றேன், தப்புன்னா பேத்திகிட்ட சொல்லி திருத்தி எழுதுங்க. உங்களுக்கு எரிஞ்சது அவ மேல மட்டும் இல்ல, மேடைல நின்னவங்க மேலயும்தான். அவ தராச புடிச்ச அன்னிக்கு அந்த தலைவர்மார் எங்க இருந்தாங்க? அவ அரைப்பேரோட வீட்டுக்கு போய் என்ன சமைச்சான்னு பக்கத்து நெரைல நின்ன உங்களுக்குத்தான் தெரியும். சாவு வீட்ல அவங்க பேசினது ஒரு சிங்கத்த பத்தி. நீங்க பாத்தது மழைல நனைஞ்சு, இடுப்புல கட்டின படங்கோட நடுங்கிட்டு நின்ன ஒரு பொம்பளைய. கை நடுங்குச்சா இல்லையா அம்மா? நீங்கதான் கிட்ட இருந்து பாத்தீங்க.

அவ மாதிரி ஆளுங்க நம்மகிட்ட எப்பவும் இருந்திருக்காங்க. 1931ல ஹட்டன்ல தோட்ட தொழிலாளிக்கு சங்கம் கட்டின நடேசய்யரோட மனைவி மீனாட்சி அம்மாள், கூட்டத்துல அவங்களே பாட்டு கட்டி பாடுவாங்க, 1940ல அந்த பாட்டுகள் சின்ன புத்தகமா அச்சாகி வந்துச்சு. சங்கத்து ஆளுங்கள துரைமார் தோட்டத்துக்குள்ளயே விடாத காலம் அது. ஒரு பொம்பள கூட்டத்துக்கு முன்னால நின்னு பாடினா அன்னிக்கு லயத்துல என்ன கதைச்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரு யோசனை இருக்கு, உங்களுக்கும் இருக்கும். ஆனா அந்த பாட்ட ஞாபகம் வெச்சு மலைல கொழுந்து எடுக்கிறப்ப வாய்க்குள்ள பாடினவங்க இருப்பாங்களே, அவங்க பேர் எதுலயும் இல்ல. அப்புறம் 1984, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே நாள் சம்பளம்னு வந்துச்சே, உங்களுக்கு அப்ப 25 வயசு கிட்ட இருந்திருக்கும். அதுக்கு முன்னால அதே மலைல, அதே அட்டைக்கடில, நமக்கு குறைச்சுத்தான். அந்த சம்பளத்தையும் எத்தனையோ வீட்ல புருஷன் போய் ஒப்பம் வெச்சு வாங்கிட்டு வருவாரு. அந்த ஒரே சம்பளம் வர வேலைய நிறுத்திட்டு உக்காந்தது சத்தம் போட்டவங்க மட்டுமா? வீட்ல அரிசி இல்லைன்னு தெரிஞ்சும் மலைக்கு போகாம இருந்தவங்க சேந்துதானே.

இத வெச்சு நீங்களும் அவளும் ஒன்னுன்னு நான் ஆறுதல் சொல்ல வரல. ஒன்னு இல்ல. அவ கேட்டா, நீங்க கேக்கல. அன்னிக்கு உங்களுக்கும் ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்துச்சு, அதுதான் இத்தனை வருஷமா எரியுது, வராதவங்களுக்கு எரியாது. உங்களுக்கு பிள்ளைக்காம்பராவுல எத்தனை புள்ள இருந்துச்சு, வீட்ல யார் குடிச்சாங்க, அரைப்பேர் ஆனா அந்த மாசம் எப்டி போயிருக்கும், அதெல்லாம் உங்களுக்கு தெரியும். அத எனக்கு நியாயம் சொல்லி காட்ட வேண்டியது இல்ல.

இப்ப கடிதம் எழுதின பேத்திக்கு: நீங்க சும்மா சொல்ல சொல்ல எழுதுற ஆள் இல்ல தங்கச்சி. அந்த அம்மா பேர் என்ன, எந்த மலை, எந்த வருஷம், அன்னிக்கு எத்தனை கிலோ கேட்டாங்க எத்தனை போட்டாங்க, தராசு எந்த மாதிரி தராசு, அடுத்த நாள் காலைல வேலைக்கு பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துல யார் என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் கேளுங்க. மேடைல பேசினவங்களுக்கு இதுல ஒன்னும் தெரியாது. உங்க ஆச்சிக்கு எல்லாம் தெரியும், ஏன்னா எரிச்சலோட பாத்தவங்க ஒன்னையும் மறக்க மாட்டாங்க. ஃபோன்ல ரெக்கோட் பண்ணாலும் சரி. ஆச்சி நடுவுல அவள கொஞ்சம் திட்டுவாங்க, அதையும் வெட்டாம வைங்க.

எங்க தோட்டத்து பொண்ணு ஒன்னு தேயிலைக்குள்ள நின்னு டான்ஸ் ஆடி டிக்டொக் போடுது. நான் அதுக்கு ஹார்ட் போடுவேன். அப்புறம் எங்க குடும்ப வட்ஸ்அப் குரூப்ல அதே வீடியோவ போட்டு சிரிப்போம். இது ரெட்டை வேஷமா? — மஸ்கெலியா

ஆமா.

ஆனா ஹார்ட் போட்டது பொய்னு நான் நெனைக்கல, அது நீங்க தனியா இருக்கிறப்ப போட்டது. குரூப்ல சிரிச்சது, நான் அவ மாதிரி இல்லன்னு சித்தி, மாமாமாருக்கு ஆஜர் குடுத்தது, பெரட்டுல பேர் குடுக்கிற மாதிரி. அடுத்த தடவ குரூப்ல நீங்களா கொண்டு போய் போடாதீங்க, அது ஒன்னு போதும். வேற யாராவது போட்டா சண்டைக்கு போக வேணாம், "நல்லா ஆடுறா"ன்னு ஒரு வரி எழுதிட்டு ஃபோன கவுத்து வைங்க. என்ன ஆகுதுன்னு பாருங்க. எனக்கு தெரிஞ்சு இன்னும் 2 பேராவது தனியா மெசேஜ் பண்ணுவாங்க, எனக்கும் புடிக்கும்னு.

(கடிதம் அனுப்புறவங்க பேர் போட வேணாம், ஊரும் வயசும் போதும். தோட்டத்து பேரையும் எழுதாதீங்க, ஒரு லயத்துல முன்பள்ளி டீச்சர் ஒருத்தர்தான் இருப்பாங்க, கண்டுபுடிச்சிருவாங்க. முடி கொட்டுற கேள்விக்கு அடுத்த இதழ்ல கட்டாயம் பதில்.)